பாட்டுக்கு இடம் கொடுத்தவர்

'பாவ சஞ்சலத்தை நீக்க பிராண நண்பர் தான் உண்டே' என்ற பாட்டைத் தமிழ்த் திருச்சபைகளில் அறியாதவர்கள் குறைவு. ஜெபக்கூட்டத்திலோ ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலோ துக்க வீட்டிலோ யாராவது ஒருவர் எடுத்துக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் புத்தகம் இல்லாமலே சேர்ந்துகொள்வார்கள். ஆங்கில மூலத்தை எழுதியவர் அயர்லாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய ஜோசப் ஸ்கிரிவன். மெட்டு அமைத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கான்வர்ஸ். நான் எழுத வந்தது மூன்றாவது ஒருவரைப் பற்றி.

1875இல் ஐரா டி. சாங்கியும் ஃபிலிப் பிளிஸ்ஸும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு பாட்டுப் புத்தகம் தொகுத்தார்கள். வேலை முடிந்து அச்சுக்குப் போகிற நேரத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் வெளியான ஒரு சின்ன ஞாயிறு பள்ளிப் பாட்டுப் புத்தகம் சாங்கியின் கைக்கு வந்தது. அதில் இந்தப் பாட்டு இருந்தது. தங்கள் தொகுப்பில் கான்வர்ஸின் வேறொரு பாட்டை ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். சாங்கி அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டார். கடைசியாக உள்ளே நுழைந்த பாட்டு, மக்களுக்குப் பிடித்தவற்றில் முதல் வரிசைக்கு வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

ஒரு தொகுப்பாசிரியரின் வேலை இதுதான். ஒன்றை எடுக்க வேண்டும், ஒன்றை வைக்க வேண்டும். அச்சான புத்தகத்தில் அந்த முடிவுக்கு அடையாளமே இருக்காது. எழுதியவர் பெயர் ஒரு மூலையிலும் மெட்டமைத்தவர் பெயர் இன்னொரு மூலையிலும் இருக்கும். இந்தப் பாட்டை நம் காது வரைக்கும் கொண்டுவந்தவருக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. சாங்கியைப் பாடகர் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு, மெட்டமைத்தவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அவர் எல்லாவற்றுக்கும் மேலாகத் தொகுப்பாளர். அவருடைய சொந்த மெட்டுகளில் பத்துப் பதினைந்து நிலைத்திருக்கும். அவர் இடம் கொடுத்ததால் நிலைத்த மற்றவர்களின் பாட்டுகள் அதைப்போலப் பல மடங்கு.

1840 ஆகஸ்ட் 28 அன்று பென்சில்வேனியாவில் எடின்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். பின்னர் குடும்பம் நியூ காசிலுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா வங்கித் தலைவர், மகனுக்கும் அங்கேயே வேலை. மெதடிஸ்ட் சபையில் கொயர், ஞாயிறு பள்ளி, உள்ளூர் ஒய்.எம்.சி.ஏ. தலைமை என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. உள்நாட்டுப் போரில் கொஞ்ச காலம் சிப்பாயாக இருந்தார், அப்புறம் வரித்துறையில் அரசு உத்தியோகம். முறையான சங்கீதப் படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நல்ல கனமான குரல், சொல் தெளிவாக விழும் உச்சரிப்பு, இவைதான் கைமுதல்.

1870 ஜூனில் இந்தியானாபொலிஸ் நகரில் ஒய்.எம்.சி.ஏ. மாநாடு. காலை ஜெபக்கூட்டத்தில் பாட்டு இழுவையாகப் போய்க்கொண்டிருக்க, பக்கத்திலிருந்தவர் தூண்டியதால் சாங்கி எழுந்து ஒரு பாட்டை எடுத்தார், கூட்டம் நிமிர்ந்தது. கூட்டம் முடிந்ததும் சிகாகோ பிரசங்கியார் டுவைட் எல். மூடி அவரிடம் வந்தார். எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, என்ன வேலை என்று அடுத்தடுத்துக் கேட்டார். அரசு உத்தியோகம் என்று பதில் வந்ததும், "அதை விட்டுவிட வேண்டியதுதான். எட்டு வருஷமாக உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். மறுநாள் மாலை தெருமுனையில் ஒரு பெட்டியைப் போட்டு, அதன்மேல் ஏறிப் பாடச் சொன்னார். ஆலை விட்டு வீட்டுக்குப் போகிற தொழிலாளர்கள் நின்று கேட்டார்கள்.

சாங்கி உடனே வேலையை விட்டுவிடவில்லை. மாதக்கணக்கில் யோசித்துத்தான் சிகாகோவுக்குப் போனார். குடும்பம் இருக்கிற மனிதர், அரசுச் சம்பளம், முன்பின் பழக்கமில்லாத ஒரு பிரசங்கியார். அந்தத் தயக்கத்தில் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. அவர் போய்ச் சேர்ந்த அதே வருஷம், 1871 அக்டோபரில், சிகாகோவின் பெருந்தீ. அன்று ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே வெளியே தீயணைப்பு மணிகள் அடிக்கத் தொடங்கிவிட்டன. கடைசியில் மிச்சிகன் ஏரியில் ஒரு படகில் ஏறித் தப்பித்து, அங்கிருந்து நகரம் எரிவதைப் பார்த்திருக்கிறார்.

1873இல் இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். லிவர்பூலில் இறங்கியதும்தான், அழைத்த முக்கியஸ்தர்கள் காலமாகிவிட்ட செய்தி தெரிந்தது. கையில் இருந்தது சாங்கியின் ஒட்டுப்புத்தகம். பிடித்த பாட்டுகளை வெட்டியும் எழுதியும் சேர்த்துவைத்த, ஒரு பாடகரின் சொந்தக் குறிப்பேடு. அதைப் பெடல் ஆர்மோனியத்தின் மேல் வைத்துக்கொண்டு தானே வாசித்துப் பாடுவார். கேட்டவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தார்கள். ஒட்டுப்புத்தகத்தை இரவல் கேட்டவர்களும் உண்டு. கொடுத்தால் மறுநாள் எதைப் பார்த்துப் பாடுவது?

அப்போது கூட்டங்களில் பயன்பட்டது வேறொருவர் தொகுத்த புத்தகம். அதன் கடைசியில் என் பாட்டுகளில் சிலவற்றைச் சேர்த்து அச்சிட முடியுமா என்று பதிப்பகத்தாரிடம் சாங்கி கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். லண்டனில் 'தி கிறிஸ்டியன்' பத்திரிகையை நடத்திய ஆர். சி. மோர்கன் முன்வந்தார். சாங்கி தன் ஒட்டுப்புத்தகத்திலிருந்து இருபத்துச் சொச்சம் பாட்டுகளை வெட்டியெடுத்துச் சுருட்டி, மேலே தலைப்பையும் தன் கையால் எழுதிக் கொடுத்தார். மொத்தம் 16 பக்கம். இசைக்குறிப்போடு இருந்த பதிப்பு ஆறு பென்ஸ். வெறும் வரிகள் மட்டும் உள்ள பதிப்பு ஒரு பென்னி.

அந்த ஒரு பென்னிப் பதிப்பை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சபைப் பாட்டுப் புத்தகம் என்பது அதுவரை கோயில் பெஞ்சில் கிடக்கிற, தடித்த அட்டை போட்ட பொருள். வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்படியில் பாடிப் பார்க்கிற பொருளாக அதை மாற்றியது அந்த விலைதான். வரிகள் மட்டும் கையில் இருந்தாலும் மெட்டு போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் சாங்கி தேர்ந்தெடுத்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பல்லவி உண்டு. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அதே வரிகள், அதே மெட்டு. முதல் தடவை கேட்பார்கள், இரண்டாவது தடவை முணுமுணுப்பார்கள், மூன்றாவது சரணத்துக்குள் முழுக் கூட்டமும் பாடும். எழுத்து தெரியாதவருக்கும் இதில் பங்கு உண்டு. கீர்த்தனை பாடி வளர்ந்த நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைய பிரிட்டிஷ் சபைகளில் வழங்கிய பாட்டுகளில் மிகப் பலவற்றுக்குப் பல்லவியே கிடையாது.

சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நாலு சுரக்கூட்டுகளுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, கேளிக்கை மேடைப் பாட்டுபோல இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பின்னாளில் புத்தகம் பெருத்தபோது அழுகையும் இனிப்பும் கூடிப்போன பாட்டுகளும் உள்ளே வந்தன, அவற்றில் பலவற்றை இன்று யாரும் பாடுவதில்லை. ஆனால் ஒரு பாட்டை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு சாங்கி தெளிவாக ஒரு பதில் வைத்திருந்தார். வந்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் பாடிக்கொண்டு போகிறார்களா? மூடிக்கோ ஒரு மெட்டுக்கும் இன்னொரு மெட்டுக்கும் வித்தியாசமே தெரியாது என்பார்கள். பாட்டு வேலை செய்கிறதா என்பதைக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் அவரும் முடிவு செய்தார்.

ஸ்காட்லாந்துதான் உண்மையான சோதனை. அங்கே ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள பாடல்களை மட்டுமே, வாத்தியம் இல்லாமல் பாடுகிற மரபு வேரோடியிருந்தது. ஆர்கனை 'விசில் பெட்டி' என்று அழைக்கிற ஊர். 1873 நவம்பரில் எடின்பரோவில் தனிப்பாட்டு பாட உட்கார்ந்த சாங்கி, முன்வரிசையில் யார் இருக்கிறார் என்று பார்த்து வெலவெலத்துப் போனார். அவர் பெயர் ஹொரேஷியஸ் போனார். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பாடலாசிரியர். அவருடைய சொந்தச் சபையிலேயே அவருடைய பாட்டுகளைப் பாட அனுமதி இல்லாத காலம் அது. கூட்டம் முடிந்ததும் போனார் சிரித்த முகத்தோடு வந்து, இன்று இரவு நீங்கள் சுவிசேஷத்தையே பாடினீர்கள் என்று கைகொடுத்தார். அதற்குப் பிறகுதான் சாங்கிக்கு மூச்சு வந்தது. இன்னொரு கூட்டத்தில் ஒரு பெண்மணி பாட்டின் நடுவிலேயே எழுந்து, என்னை வெளியே விடுங்கள், ஜான் நாக்ஸ் (ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சீர்திருத்தவாதி) இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று சத்தமிட்டபடி போனதையும் சாங்கி மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1874இல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோவுக்கு ரயில். அமெரிக்கச் செய்தி ஏதாவது இருக்குமா என்று ஒரு பென்னிக்குப் பத்திரிகை வாங்கினார் சாங்கி. ஒன்றும் இல்லை. விளம்பரங்களுக்கு நடுவே ஒரு மூலையில், காணாமல் போன ஒற்றை ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பனைப் பற்றிய கவிதை. பக்கத்திலிருந்த மூடியிடம் வாசித்துக் காட்டினார். மூடி தன் கடிதத்தில் மூழ்கியிருந்தார், ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. சாங்கி கவிதையை வெட்டித் தன் ஒட்டுப்புத்தகத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து எடின்பரோவில் மதியக் கூட்டம். மூடி நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேசினார், அவரை அடுத்து ஹொரேஷியஸ் போனார் பேசினார். முடித்ததும் மூடி திரும்பி, பொருத்தமாக ஒரு தனிப்பாட்டு உண்டா என்றார். சாங்கிக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. 23ஆம் சங்கீதத்தை அன்று பல தடவை பாடியாகிவிட்டது. நினைவுக்கு வந்தது அந்தப் பத்திரிகைத் துண்டு. மெட்டே கிடையாது. துண்டை ஆர்கன் மேல் வைத்தார், மனசுக்குள் ஜெபித்தார், ஏ ஃப்ளாட்டில் சுரக்கூட்டைப் பிடித்தார், பாட ஆரம்பித்தார். மெட்டு சொல்லுக்குச் சொல் வந்துகொண்டிருந்தது. முதல் சரணம் முடிந்ததும்தான் இரண்டாவது பயம் பிடித்ததாம். இப்போது பாடியதை அப்படியே மறுபடி பாட முடியுமா? மொத்தம் ஐந்து சரணம். முடித்தபோது மூடி இறங்கி வந்து, இந்தப் பாட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டார். ரயிலில் உங்களுக்கு நான் வாசித்துக் காட்டியதுதான் என்றார் சாங்கி.

கவிதையை எழுதியவர் எலிசபெத் கிளெஃபேன். மெல்ரோஸ் ஊரில் வாழ்ந்தவர், 1869இலேயே இறந்துவிட்டார். தன் வரிகளை ஒரு மண்டபம் முழுக்க உட்கார்ந்து கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலும் அற்புதமாகச் சொல்வார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ரயில் பெட்டியில், விளம்பரங்களுக்கு நடுவே கிடந்த வரிகளில் பாட்டு இருக்கிறது என்று கண்டுகொண்ட கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 16 பக்கப் புத்தகம் விற்ற வேகத்தில் வதந்தியும் கிளம்பியது. ஆர்கன் கம்பெனிக்கு இவர்கள் ஏஜெண்டுகள், சர்க்கஸ்காரர் பார்னம் அனுப்பிவைத்த ஆட்கள், பாட்டுப் புத்தகம் விற்றுப் பணக்காரர் ஆகிறார்கள் என்றெல்லாம். மூடியும் சாங்கியும் உரிமைத்தொகை முழுவதையும் லண்டனில் ஹியூ மாதெசன் என்ற வணிகரின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். 1875இல் அவர்கள் நாடு திரும்பும்போது அது ஏறக்குறைய 7,000 பவுண்டு. அந்தப் பணம், பெருந்தீயில் அழிந்த சிகாகோ சபையின் புதிய கட்டடத்துக்குப் போனது. அமெரிக்காவிலும் அதே ஏற்பாடு. வில்லியம் டாட்ஜ் என்ற நியூயார்க் வணிகரின் பொறுப்பில் பணம் சேர்ந்து, மூடியின் சொந்த ஊரான நார்த்ஃபீல்டில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களுக்கும் போனது. அந்தப் பள்ளிகளில் படித்துக் கரையேறிய பிள்ளைகளுக்குப் பாட்டு சோறும் போட்டது, படிப்பும் கொடுத்தது.

பிளிஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. 1838இல் பென்சில்வேனியாவின் மரவீட்டில் பிறந்து, பதினொரு வயதில் வீட்டைவிட்டு மரம் அறுக்கும் இடங்களில் கூலி வேலைக்குப் போன பையன். பிறகு குதிரையில் ஊர் ஊராகப் போய், சின்ன ஆர்கன் ஒன்றை வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். 1874இல் முழுநேர ஊழியத்துக்கு வந்து, அதே வருஷம் தன் தொகுப்பு ஒன்றையும் சின்சினாட்டியில் வெளியிட்டிருந்தார். மறுவருஷம் சாங்கி இங்கிலாந்திலிருந்து தன் தொகுப்போடு திரும்பி வந்தார். இரண்டு பதிப்பகங்கள், இரண்டு பெயர்கள், ஒரே மாதிரிப் பாட்டுகள். போட்டி போட்டிருந்தால் இரண்டுமே விற்றிருக்கும். அதை விட்டு இருவரும் கைகோத்து 'காஸ்பல் ஹிம்ஸ்' என்ற ஒரே புத்தகமாக்கினார்கள். சொல்லும் மெட்டும் இரண்டும் கைவந்தவர் என்ற வகையில் பிளிஸ் சாங்கியைவிடப் பெரிய கலைஞர். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அந்த வரிசையின் இரண்டாவது புத்தகம் 1876இல் வந்தது. கப்பல் விபத்தில் நான்கு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்த சிகாகோ வக்கீல் ஹொரேஷியோ ஸ்பாஃபர்டின் வரிகளுக்கு பிளிஸ் போட்ட மெட்டு அதில்தான் இருக்கிறது. மூழ்கிய கப்பலின் பெயர் வில் டு ஹாவ்ர். அந்தப் பெயரையே மெட்டுக்கும் வைத்தார். நவம்பரில் சிகாகோவில் அவரே அதைப் பாடினார். அடுத்த மாதம், டிசம்பர் 29 அன்று, பனிப்புயலில் ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்டபுலாவில் ரயில் பாலம் இடிந்து, பெட்டிகள் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தன. தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிளிஸ்ஸும் மனைவி லூசியும் அதில் இருந்தார்கள். உடல்கள் அடையாளம் தெரியவில்லை. அவருக்கு வயது 38. இரண்டு சின்னப் பையன்களை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சிகாகோவுக்கு வந்து சேர்ந்த அவருடைய பெட்டிக்குள் மெட்டில்லாத ஒரு பாட்டு இருந்தது. ஜேம்ஸ் மக்ரானஹன் அதற்கு மெட்டுப் போட்டார்.

தொகுப்பு வேலை நிற்கவில்லை. மக்ரானஹனும் ஜார்ஜ் ஸ்டெபின்ஸும் சாங்கியோடு சேர்ந்தார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை புத்தகங்கள் வந்தன. 1894இல் ஆறையும் ஒன்றாக்கியபோது 739 பாட்டுகள். பிரிட்டனில் அந்தப் பழைய 16 பக்கம் வளர்ந்து வளர்ந்து 1,200 பாட்டுகள் கொண்ட தடித்த புத்தகமானது. சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறையிலும் அதன் பதிப்பு வந்தது. கோடு போட்ட இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களும் நாலு குரலில் பாட அது வழி செய்தது. நெல்லை, குமரி பக்கத்துப் பழைய கொயர்காரர்களுக்கு அந்த எழுத்துகளைப் பார்த்ததும் கைவிரல் தானாகத் தாளம் போடும்.

1903இல் சாங்கிக்குக் கண் அழுத்த நோயால் பார்வை போயிற்று. அதற்கு முன்னமே இன்னொரு அடி விழுந்திருந்தது. ஒவ்வொரு பாட்டும் எப்படிப் பிறந்தது என்று பல வருஷமாகச் சேர்த்து எழுதிவைத்த கையெழுத்துப் பிரதி, மிச்சிகனில் டாக்டர் கெலாக் நடத்திய பேட்டில் க்ரீக் சுகவாச நிலையம் 1902இல் எரிந்தபோது அதோடு போய்விட்டது. புரூக்ளினில் இருந்தபடி நினைவிலிருந்து மறுபடி உருவாக்கினார். பிறந்த ஆறாம் வாரத்திலேயே பார்வையை இழந்து, ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதிய ஃபேனி கிராஸ்பி அவரைப் பார்க்க வருவார். 1908 ஆகஸ்ட் 13 அன்று சாங்கி இறந்தார். கிராஸ்பி அவருக்குப் பிறகும் ஆறரை வருஷம் இருந்தார்.

நினைவிலிருந்து எழுதிய புத்தகம் என்பதால் அதில் சில சம்பவங்கள் கொஞ்சம் உருண்டு திரண்டிருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அங்கங்கே தேதி திருத்துகிறார்கள், திருத்தட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள அவர் எடுத்த சிரத்தை. ஸ்கிரிவனின் பாட்டைப் பல காலம் ஹொரேஷியஸ் போனார் எழுதியதாகவே எல்லோரும் நம்பினார்கள். அது கனடாவில் போர்ட் ஹோப் ஊரில் இருந்த ஓர் எளிய மனிதர் எழுதியது என்பதை சாங்கி அந்தப் புத்தகத்தில் விவரமாகப் பதிவு செய்திருக்கிறார்.

இன்று பல சபைகளில் பாட்டு திரையில் ஓடுகிறது. வரிகள் பெரிதாகத் தெரிகின்றன, நல்லதுதான். பெயர் எதுவும் இல்லை. தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களின் நிலை இன்னும் மோசம், பாட்டுப் புத்தகங்களிலேயே பலருடைய பெயர் இல்லை. எங்கள் சபையில் புதிய தொகுப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழுவில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரு வரிக்கு இடம் விடுங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், தமிழில் தந்தவர் என்று தெரிந்த வரைக்கும் போடுங்கள். தெரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள், தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் பேனாவால் எழுதிக்கொள்ளட்டும். பக்கம் கூடும், செலவு கூடும் என்கிறார்கள். கூடும்தான். அந்த அதிகச் செலவில் என் பங்கைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.